ஷாஃப்ட் வண்டியில் எண்ணெய்க் கசிவு: நனையும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு

செயின் வண்டியின் பின் சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் யாரும் பதறுவதில்லை. செயின் ஸ்பிரே தெறித்திருக்கும், பழைய துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு (ஷாஃப்ட்) ஒன்று பின் சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டியில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே செயினும் இல்லை, செயினுக்குப் போடும் எண்ணெயும் இல்லை. பின்பக்கம் ஈரம் தெரிந்தால், மூடிக் கிடக்கும் ஏதோ ஒரு கூட்டுக்குள்ளிருந்துதான் அது வெளியே வந்திருக்க வேண்டும். அதற்காக உடனே வண்டியைப் பிரிக்கவும் தேவையில்லை. முதலில் துடைக்க வேண்டும், அப்புறம் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், எண்ணெயைத் தடுத்து வைக்கும் நல்ல சீலும் போகும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஷாஃப்ட் வண்டி வைத்திருப்பவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து வரும் கூட்டத்தில்தான் இந்த வண்டிகளை அதிகம் பார்க்கலாம். ஓசூரில் பி.எம்.டபிள்யூ பெயரில் தயாராகும் 310 வண்டிகள்கூட செயின் வண்டிகள்தான். அதனால் நம் ஊர் இருசக்கரப் பட்டறையில் ஷாஃப்ட் வண்டியை நிறுத்தினால் தொடவே தயங்குவார்கள். முறையான சர்வீஸ் என்றால் 90 கிலோமீட்டர் போய் பெங்களூரில் விட வேண்டும். ஆனால் நம்மிடம் வேறொரு வசதி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44 ஓரம் முழுக்க லாரிப் பட்டறைகள். லாரியின் பின் அச்சில் இருப்பதும் ஒரு கிரவுன் (பெரிய பற்சக்கரம்), அதைச் சுற்றும் ஒரு பினியன் (சின்னப் பற்சக்கரம்), சில சீல்கள், காற்று போய்வர ஒரு மூச்சுத் துவாரம். நம் வண்டியின் பின் சக்கரத்தருகே இருக்கும் பின் கூட்டில் இருப்பதும் அதேதான், அளவு மட்டும் சின்னது. எனக்கு இந்த விஷயம் புரிந்ததே ஒரு லாரிப் பட்டறையில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், வழிவது என்ன எண்ணெய்?

பழைய ஷாஃப்ட் வண்டிகள் பலவற்றில் மூன்று எண்ணெய்கள் தனித்தனியாக இருக்கும்: என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, பின் கூட்டுக்கு ஒன்று. 2013 முதல் வந்த பி.எம்.டபிள்யூவின் நீர்க்குளிர்வு பாக்ஸர் வண்டிகளில் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் என்ஜின்) என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, பின் கூடு மட்டும் தனி. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் தினசரிக் காலண்டரின் நாலைந்து தாள்களைப் பரப்பி வையுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் தாளாகப் பார்த்து, அந்தப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும். காலையில் எந்தத் தாளில் சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்த்தால் இடமும் தெரியும், நிறமும் தெரியும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார், சோப்புப் போட்டாலும் விரலைவிட்டு லேசில் போகாது. என்ஜின் ஆயில் கருத்திருக்கும், தீய்ந்த வாசம் வரும். ஷாக் அப்சார்பரின் எண்ணெய் மெல்லியது, தாளில் சட்டென்று அகலமாகப் பரவிவிடும். பிரேக் திரவம் வழுவழுப்பாக இருந்தாலும் தண்ணீர் விட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும், பெயிண்டையும் அரிக்கும். பின்பக்க ஈரம் பிரேக் திரவம் என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

ஷாக் அப்சார்பரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பின் கூட்டுக்கு முன்னால், மேலே இருக்கிறது. அதன் தண்டில் சீல் போனால் எண்ணெய், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் வழிந்து, காற்றில் பின்னோக்கி ஓடி, பின் கூட்டில் போய்ப் படியும். பார்ப்பவர் கண்ணுக்குக் கூடு கசிவது போலவே இருக்கும்.

துடைத்துவிட்டு ஒரு சுற்று

நம் செம்மண் புழுதி இதில் ஒரு விதத்தில் உதவி. எண்ணெய் எங்கே படிகிறதோ அங்கே புழுதி ஒட்டி அடை போலக் கட்டிவிடும், மற்ற இடத்தில் உதிர்ந்துவிடும். ஆனால் அந்த அடை மாதக் கணக்கில் சேர்ந்தது. நேற்றைய கசிவா, போன வருடத்துக் கசிவா என்று அது சொல்லாது. ஆகவே மண்ணெண்ணெயோ டிகிரீசரோ தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, முழுக்கக் காயவிடுங்கள். பிரேக் டிஸ்க், டயர் மேல் படாமல் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்வது நல்லது.

காய்ந்ததும், கையில் கொட்டிய முகப்பவுடரைச் சந்தேகமான இடத்தில் லேசாக ஊதுங்கள். அலுமினியம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிடும். கிருஷ்ணகிரி அணை வரை போய்த் திரும்புங்கள், கூடு சூடேற அது போதும். திரும்பியதும் டார்ச்சும் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வெள்ளைப் பவுடரில் கசிவு பென்சில் கோடு போல இருண்டு தெரியும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து போங்கள். எண்ணெய் கீழே இறங்கும், ஓட்டத்தில் பின்னால் போகும். எனவே மிக உயரத்தில், மிக முன்னால் நனைந்திருக்கும் புள்ளிதான் ஊற்று. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வழிந்தோடிய வாய்க்கால்.

அறிகுறி: பின் கூட்டின் அடியில், எண்ணெய் வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டில் ஒரு சொட்டு தொங்குகிறது

என் வண்டிக்கு வந்தது இதுதான். சேலம் போய்த் திரும்பிய நாட்களில் மட்டும் மறுநாள் காலையில் ட்ரெய்ன் போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை. நான் போல்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். வாஷரை மாற்றினேன், நிற்கவில்லை. இன்னொரு வாஷர் போட்டேன், அப்போதும் தொங்கியது. பெரிய நகரத்துப் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது கூட்டைப் பிரித்து சீல் மாற்ற வேண்டும் என்றார்கள்.

காவேரிப்பட்டணம் தாண்டி நெடுஞ்சாலையோரம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. குந்தி உட்கார்ந்து கூட்டின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, சொட்டற எடத்தப் பார்த்தா ஆகாது. இதுக்கு மூச்சு விடற ஓட்டை எங்க இருக்குது?"

காட்டினேன். அதைச் சுற்றிப் புழுதி அடை கட்டியிருந்தது.

"ஆயில் எவ்வளவு ஊத்துனாங்க?"

"ஓட்டையில வழியற வரைக்கும் ஊத்துனாங்கண்ணா."

"அதான். லாரிக்கு அப்படித்தான் ஊத்துவோம். உங்க வண்டிக்கும் அதே கணக்கான்னு புக்கைப் பாருங்க."

வீட்டுக்கு வந்து மேனுவலைப் பார்த்தேன். என் வண்டிக்கு 180 மில்லி என்று போட்டிருந்தது. சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து, என் பெண் குழந்தையாக இருந்தபோது பால் குடித்த பாட்டிலில் ஊற்றி அளந்தேன். 250 கோட்டைத் தொட்டு நின்றது. கூட்டுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிய இடம் வேண்டும். 70 மில்லி அதிகமாக இருந்ததால் அந்த இடம் இல்லை. தொப்பூர்க் கணவாயில் இருவரையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரி நோக்கி ஏறும்போது கூடு நன்றாகச் சூடாகி, காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு மூச்சுத் துவாரம் வழியே வெளியேறியிருக்கிறது. அது கூட்டின் முதுகில் மெல்லிய படலமாக இறங்கி, கடைசியில் ட்ரெய்ன் போல்ட்டில் சேர்ந்து சொட்டாகியது. அளவாக 180 மில்லி ஊற்றி, மூச்சுத் துவாரத்தை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தேன். அதன் பிறகு பலமுறை சேலம் போய் வந்துவிட்டேன். போல்ட் காய்ந்தே இருக்கிறது.

எல்லா வண்டிக்கும் 180 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வண்டிகளில் ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுவதுதான் சரியான அளவு, சிலவற்றில் மில்லிக் கணக்கு. இரண்டையும் குழப்பினால்தான் இந்தத் தொல்லை. மூச்சுத் துவாரம் புழுதியில் முழுக்க அடைத்துப் போனால் நிலைமை இன்னும் மோசம். அழுத்தத்துக்கு வேறு வழி இல்லாமல் நல்ல சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் வெளியேறும். சீல் போய்விட்டது என்று மாற்றுவார்கள், புதுச் சீலும் கசியும்.

சரி, பவுடர் போட்டுப் பார்த்ததில் ஊற்று உண்மையிலேயே போல்ட்தான் என்றால்? வாஷர் ஒருமுறை நசுங்கிப் பொருந்துவதற்காகவே செய்யப்பட்டது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. மரை போனால் அந்தக் கூடே செலவுதான். என் வண்டிக்கு 20 நியூட்டன் மீட்டர்தான் சொல்லியிருக்கிறார்கள், அது நாம் சாதாரணமாகக் கையில் கொடுக்கும் இறுக்கத்தைவிடக் குறைவு.

அறிகுறி: ஸ்விங் ஆர்மும் பின் கூடும் சேரும் இடத்து ரப்பர் பூட் ஈரமாக இருக்கிறது

பயணிகள் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஷாஃப்ட் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் தெரிந்த பொருள். இங்கேயும் அதே வேலைதான், ஷாஃப்ட் மடங்கி அசைய உதவும் யுனிவர்சல் ஜாயிண்ட்டைப் புழுதியிலிருந்து காக்கிறது. பல வண்டிகளில் அந்தப் பூட்டுக்குள் எண்ணெயே இருக்கக் கூடாது, ஜாயிண்ட்டிலும் ஸ்பிளைனிலும் (தண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பள்ளங்கள்) பூசிய கிரீஸ் மட்டும் இருக்கலாம். உங்கள் வண்டியில் எப்படி என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டின் கிளாம்பைத் தளர்த்தி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விடை. கருஞ்சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது ஸ்பிளைனுக்குப் போட்ட மாலிப்டினம் கிரீஸ், யாரோ தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். துடைத்துவிட்டு மூடலாம். தண்ணீரும் துருவும் இருந்தால் பூட்டில் வெடிப்போ, கிளாம்ப் தளர்வோ இருக்கும். இதை எண்ணெய்க் கசிவைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த யுனிவர்சல் ஜாயிண்ட் ஓட்டத்தில் முறிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

கந்தக வாடையோடு எண்ணெய் தேங்கியிருந்தால் இரண்டு வாய்ப்புகள். பின் கூட்டின் பினியன் சீல் வழியாக வந்திருக்கலாம், அல்லது முன்னால் கியர்பாக்ஸ் வெளியேறும் இடத்துச் சீல் கசிந்து, ஸ்விங் ஆர்முக்குள்ளேயே சரிவில் இறங்கிப் பின்னால் வந்திருக்கலாம். இதைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன்பக்கத்துப் பூட்டையும் விலக்கிப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் பினியன் சீல். அங்கேயும் நனைந்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் என்று சந்தேகிக்கலாம், கியர்பாக்ஸ் அளவு குறைந்திருந்தால் உறுதி. இரண்டு கூட்டு எண்ணெயின் அளவையும் பார்த்து, எது குறைந்திருக்கிறதோ அதுதான் கசிகிறது என்று முடிவுக்கு வருவது எளிது. பலர் இதைச் செய்வதே இல்லை.

அறிகுறி: சக்கரத்தின் ரிம்மில், டயரின் பக்கச்சுவரில், பிரேக் டிஸ்க்கில் எண்ணெய்த் தெறிப்பு

வண்டியை நிறுத்துங்கள். மற்ற அறிகுறிகளில் நிதானமாகப் பார்க்கலாம் என்று சொன்னேன், இதில் சொல்ல மாட்டேன். சக்கரம் பொருந்தும் பக்கத்துப் பெரிய சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்க ஸ்விங் ஆர்ம் வண்டிகள் பலவற்றில் பிரேக் டிஸ்க் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டயரில் எண்ணெய் பட்டால் வளைவில் பிடிமானம் போகும். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும் சாலையிலோ, வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவிலோ அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணிக்கும் 6 மணிக்கும் உரிய இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். பிறகு 3-க்கும் 9-க்கும் உரிய இடங்களில். இரண்டு பிடியிலும் ஆட்டம் இருந்தால் கிரவுனைத் தாங்கும் பெரிய பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். 3-9 பிடியில் மட்டும் ஆடி, 12-6 பிடியில் கல் போல நின்றால் ஸ்விங் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்துப் பிவட் பேரிங் பக்கம் பாருங்கள். நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி, கூட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நல்ல பேரிங் பட்டுப் போல ஓடும். மணல் அரைபடுவது போலக் கையில் உணர்ந்தால் அது கெட்டது.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த இடத்தில் பெரும்பாலும் சீல் தானாகச் சாவதில்லை. பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கும், ஆடும் தண்டை ரப்பர் உதடு தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்க முடியாது. சீலை மட்டும் மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. சீல் மாற்றச் சொல்லும் எவரிடமும் "பேரிங் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். ட்ரெய்ன் போல்ட்டின் காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மை போன்ற மெல்லிய கருப்புப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில்கள் இருந்தால் உள்ளே பேரிங்கோ பல்லோ உரிகிறது.

எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், புதிது போடுங்கள். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரால் துடைக்கலாம்.

அறிகுறி: என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு

கிளட்ச் எண்ணெயில் நனையாமல் ஓடும் உலர் கிளட்ச் வண்டிகளுக்கு மட்டும் இது. எண்ணெய் என்ஜினுடையதா கியர்பாக்ஸுடையதா என்பதை வாடை சொல்லிவிடும். முன்னது என்றால் கிராங்க் தண்டின் பின் சீல், பின்னது என்றால் கியர்பாக்ஸ் உள்தண்டின் சீல். எதுவானாலும் வண்டியை நடுவில் பிளக்க வேண்டிய வேலை, வீட்டில் செய்வதல்ல. நான்காவது ஐந்தாவது கியரில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

ஆனால் இங்கேயும் முதலில் மேலே பாருங்கள். ஏர்பாக்ஸின் (காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி) வடிகுழாய் அந்தப் பக்கம் வந்து முடியும் வண்டிகள் உண்டு. என்ஜின் ஆயிலை மேல் கோட்டுக்கும் அதிகமாக ஊற்றியிருந்தால் உபரி ஏர்பாக்ஸில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சொட்டும்.

என்ஜினின் வால்வு கவர் கேஸ்கெட்டில் வரும் லேசான வியர்வை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. துடைத்து, கேஸ்கெட் மாற்றி, அளவான இறுக்கம் கொடுத்தால் முடிந்தது.

அறிகுறி: எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறது

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் பிரஷர் கன்னைப் பின் கூட்டின் மூச்சுத் துவாரத்திலும் சீலிலும் நேராகக் காட்டினால் இப்படி ஆகும். சூடான கூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி, வெளியில் இருப்பதை உறிஞ்சும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் வெள்ளம் கடந்து வந்தாலும் இதே ஆபத்து. அந்த எண்ணெயில் ஒரு நாள்கூட ஓட்டாமல் மாற்றிவிடுங்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் ஒருமுறை மாற்றுங்கள். கால் லிட்டர்கூட வராத எண்ணெய், செலவு பெரிதல்ல.

எவ்வளவு கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம்?

என் கணக்கு இது. துடைத்து இரண்டு வாரத்தில் புழுதி ஒட்டும் அளவு ஈரம் மட்டும் என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் சீல் காய்ந்து முதலில் கொஞ்சம் வியர்க்கும், சில நாள் ஓடியதும் நின்றுவிடுவதும் உண்டு. காலண்டர் தாளில் தினமும் சொட்டு விழுந்தால் பழுது பார்க்க வேண்டும். பின் கூட்டில் இருப்பதே இத்தனை மில்லிதான். என்ஜினில் 50 மில்லி குறைந்தால் தெரியாது, இங்கே அது கால் பங்குக்கும் மேல்.

வழியில் ஊற்ற நேர்ந்தால் லாரிக் கடைகளில் கிடைக்கும் 80டபிள்யூ-90 கிரவுன் ஆயில், ஜி.எல்-5 தரமானது, அவசரத்துக்கு உதவும். மேனுவல் 75டபிள்யூ-90 என்று சொன்னாலும் முதல் எண் குளிர்நேரத்து இளக்கத்தைக் குறிப்பது. நம் ஊர் வெயிலில் அந்த வேறுபாடு வீடு போய்ச் சேரும் வரை தொந்தரவு தராது. போனதும் சரியானதை மாற்றிவிடுங்கள்.

பெங்களூர் வரை ஓட்டிப் போய் விடுவதா என்பது அடுத்த கேள்வி. சக்கர ஆட்டம் இல்லை, டயரில் எண்ணெய் இல்லை, அளவு சரியாக இருக்கிறது என்றால் போகலாம். சூளகிரியிலும் ஓசூரிலும் நிறுத்தி, ரிம்மைப் பாருங்கள், கூட்டின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகச் சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் குட்டி யானையில் ஏற்றி அனுப்புவதே நல்லது. ஏற்றும்போது கயிற்றைப் பின் கூட்டிலோ ரப்பர் பூட் பக்கமோ சுற்ற விடாதீர்கள், முன்னால் ஃபோர்க்கிலும் பின்னால் பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலும் கட்டச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த காலண்டர் தாளின் ஓரத்தில் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும், வண்டியின் எந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது என்பதையும் எழுதி, மடித்து, சாவியோடு கொடுத்துவிடுங்கள்.